பிழையோடு கேட்டாலும் பதில் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மாடித்தோட்டம், சோப்பு தயாரிப்பு, மின்னணுக் கருவி செய்தல் என்று ஆர்வத்தால் கூடிய இணையக் குழுக்களில் எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையும் ஓயாத சச்சரவாக இருக்கின்றன. இதுபற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் மாடித்தோட்டக் குழுவில் அறுநூறு பேர் இருக்கிறோம். பலர் பிழையாக எழுதுகிறார்கள். இரண்டு பேர் ஒன்று விடாமல் சுட்டிக்காட்டுகிறார்கள். இதனால் மனத்தாங்கல். எதைத் திருத்துவது, எதை விடுவது?
– குழு நிர்வாகி, மதுரை

செடிக்கோ ஆளுக்கோ கேடு செய்யும் பிழையை உடனே, எல்லாரும் பார்க்கும்படி திருத்துங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். ‘மண்ணுல ஈரம் இருக்கா பாத்துட்டு தண்ணி ஊத்துங்க’ என்பதில் திருத்த எதுவுமே இல்லை, அது பேச்சுத் தமிழ். ‘தலைச்சத்து கம்மி, இலை மஞ்சளாகுது’ என்று ஒருவர் எழுதினால் அவர் சொல்வது தழைச்சத்து (நைட்ரஜன்) என்று தோட்டம் போடும் எவருக்கும் தெரியும். பதிலில் நீங்கள் ‘தழைச்சத்துக் குறைவுதான்’ என்று எழுதினால் போதும், சரியான சொல் அவர் கண்ணில் பட்டுவிடும்.

கேடு பெரும்பாலும் அளவில்தான் வருகிறது. தெளிப்பதற்குப் பஞ்சகவ்யா 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, அதாவது 3 சதவீதம். அந்தப் பத்தில் சுழி ஒன்று விழுந்து ‘1 லிட்டருக்கு 300 மில்லி’ ஆகிவிட்டால் பத்து மடங்கு. ‘ஸ்பூன்’ என்ற சொல்லும் அப்படித்தான். டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய் போதும் என்ற இடத்தில் மூன்று மடங்கு ஊற்றி வெயிலில் தெளித்தால் இலை கருகும். ‘கி’ என்று சுருக்கி எழுதுவதையும் குழுவில் நிறுத்தச் சொல்லுங்கள். ‘மண்கலவைக்கு வேப்பம் புண்ணாக்கு 2 கி’ என்றால் புதிதாக வந்தவருக்கு அது கிராமா கிலோவா என்று எப்படித் தெரியும்? கிராம், கிலோ, மில்லி என்று முழுதாக எழுதுவதே நல்லது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘அறை டீஸ்பூன்’ என்று எழுதியிருந்தால் அது எழுத்துப் பிழை, ஆனால் அளவு புரிகிறது, விட்டுவிடலாம். ‘1/2 டீஸ்பூன்’ என்பது ‘1-2 டீஸ்பூன்’ என்று வந்திருந்தால் அதில் எழுத்துப் பிழையே கிடையாது, ஆனால் அதை விடவே கூடாது.

அடுத்து, பொருளின் பெயர். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். ‘எப்சம்’ விடுபட்டு ‘லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு’ என்று போய்விட்டால் சமையலறை உப்பைக் கரைத்து ஊற்றுவார்கள், செடி வாடும். கடைசியாக, ‘செய்’ என்பது ‘செய்யாதே’ ஆவதும் ‘செய்யாதே’ என்பது ‘செய்’ ஆவதும். ‘பூ வந்திருக்கும்போது மருந்து தெளிக்காதீங்க’ என்று எழுத வந்தவர் அவசரத்தில் ‘தெளிங்க’ என்று தட்டிவிட்டால், தேனீ வரும் நேரத்தில் ஒருவர் மருந்தோடு நிற்பார்.

திருத்தும் முறை: அந்தப் பதிவுக்கே பதிலாக, ‘அண்ணா, 10 லிட்டருக்கு 300 மில்லி. ஒரு லிட்டர் மட்டும் கலக்குவதென்றால் 30 மில்லி’ என்று எழுதுங்கள். ‘பிழை’, ‘தவறு’ என்ற சொற்கள் வேண்டாம். அதோடு, எழுதியவரையே மூலப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். நேரம் கடந்துவிட்டால் நீக்கிவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். இது வீண் வேலை இல்லை. ஒருவர் அந்தக் குறிப்பை அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்கும் அனுப்பும்போது மூலப் பதிவு மட்டும்தான் போகும், கீழே நீங்கள் எழுதிய திருத்தம் கூடப் போகாது.

கையால் சோப்பு செய்யும் குழுவில் இருக்கிறேன். ‘கருத்து புரிந்தால் போதும், இலக்கணம் எதற்கு’ என்கிறார்கள். ஓரளவு சரிதானே?
– வாசகி, கோவை

ஓரளவுக்குச் சரி. ஆனால் உங்கள் வேலையில் ஒரு வேற்றுமை உருபு இடம் மாறினால் கண்ணே போகலாம்.

‘தண்ணீரில் காஸ்டிக் சோடாவைப் போடுங்கள்.’ ‘காஸ்டிக் சோடாவில் தண்ணீரை ஊற்றுங்கள்.’ இரண்டிலும் அதே இரண்டு பொருள்கள்தான். ‘இல்’ எங்கே, ‘ஐ’ எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போது கடுமையான வெப்பம் வெளிப்படும். நிறையத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கினால் அந்த வெப்பத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். பாத்திரத்தில் கிடக்கும் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால், முதலில் விழும் கொஞ்சம் தண்ணீர் சட்டென்று கொதித்துக் காரத்தோடு முகத்தில் தெறிக்கும். சரியான வரிசை முதல் வாக்கியம் மட்டுமே. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் கலக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது, அது காரத்தோடு வினைபுரியும்.

பேசுவதுபோலவே எழுதும்போது உருபுகள் விழுந்துவிடும். ‘காஸ்டிக் சோடா தண்ணி ஊத்தி கலக்குங்க’ என்று ஒருவர் எழுதினால் எதில் எதை என்று தெரியாது. இந்த ஒரு படியை மட்டும் குழுவில் எண்ணிட்டு எழுதச் சொல்லுங்கள்: 1. தண்ணீரை அளந்து பாத்திரத்தில் ஊற்றவும். 2. அந்தத் தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடவும். உருபு விழுந்தாலும் வரிசை காப்பாற்றும். வெறும் ‘சோடா’ என்று எழுதுவதையும் அனுமதிக்காதீர்கள். காஸ்டிக் சோடா, சலவை சோடா, சமையல் சோடா மூன்றும் வேறு வேறு பொருள்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள்கூட ல, ள, ழ மாற்றி எழுதுகிறார்களே, ஏன்? அக்கறையின்மைதானே?
– வாசகர், தூத்துக்குடி

அக்கறையின்மை என்று முடிவுகட்டும் முன், பிழை எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். காரணத்தைப் பிழையே காட்டிக்கொடுக்கும்.

ஒரே ஆள் ஒரே பதிவில் ‘வெள்ளரி’ என்று ஒரு முறையும் ‘வெல்லரி’ என்று ஒரு முறையும் எழுதியிருந்தால் அவருக்குச் சொல் தெரியும், விசைப்பலகைதான் காலை வாரியிருக்கிறது. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் பலகைகளில் பெரும்பாலும் சிறிய ‘எல்’ தட்டினால் ல, பெரிய ‘எல்’ தட்டினால் ள. போனில் பெரிய எழுத்துக்கு ஒரு தட்டு கூடுதல். அவசரத்தில் அது விழுந்துபோகும். ன–ண, ர–ற குழப்பமும் இதே வழியில் வருவதுதான். போன் முதலில் காட்டும் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வது இன்னொரு காரணம்.

எப்போதும் ஒரே மாதிரி, எல்லா இடத்திலும் ‘பளம்’, ‘வாளை’ என்று எழுதுகிறார் என்றால் அவர் வாயில் வரும் ஒலியைத்தான் எழுதுகிறார். உங்கள் தென் மாவட்டங்களில் ழகரம் ளகரமாக ஒலிப்பது உங்களுக்கே தெரியும். ர, ற வேறுபாடு இன்று பெரும்பாலான வட்டாரப் பேச்சில் காதுக்குக் கேட்பதே இல்லை. காதால் பிரித்தறிய முடியாததைக் கண்ணால் படித்து மனத்தில் இருத்தித்தான் எழுத வேண்டும். புத்தகம் அதிகம் படிக்காதவருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அதை அக்கறையின்மை என்று சொல்வது நியாயமாகாது.

எழுத்து சரியாக இருந்து சொல்லே வேறாக இருந்தால், வாக்கியத்தில் ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தால், அது பெரும்பாலும் குரல்வழித் தட்டச்சு. இப்படி எழுதுபவர்களில் வயதானவர்களும் பார்வை குறைந்தவர்களும் நிறைய. ‘நாற்று’ என்று சொன்னது ‘நேற்று’ என்று வந்திருக்கும். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் என்ன சொன்னார் என்று பிடிபடும்.

முதல் வகையினருக்குத் தமிழ்99 பலகையைப் பரிந்துரைக்கலாம். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற பலகை அது. ல, ள, ழ ஒவ்வொன்றுக்கும் தனி விசை. ஒரே மெய்யை இரு முறை தட்டினால் முதலதற்குப் புள்ளி தானே விழும். ந, த என்று அடுத்தடுத்துத் தட்டினால் ‘ந்த’ வரும். சில நாள் பழக வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் வகையினர் கேட்டால் மட்டும் சொல்லிக்கொடுங்கள். எல்லாச் சொல்லையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, சில பொருத்தங்கள் போதும். டகரத்துக்கு முன் ண்: தண்டு, வெண்டை, வண்டு. றகரத்துக்கு முன் ன்: கன்று. தகரத்துக்கு முன் ந்: பந்தல், வெந்தயம். தமிழ்ச் சொல்லின் முதலில் வருவது ந மட்டுமே, ன, ண வராது. ழகரம் இரட்டிக்காது, ஆகவே ‘வெள்ளரி’யிலும் ‘வள்ளி’யிலும் ழகரத்துக்கு இடமே இல்லை. ரகரமும் இரட்டிக்காது, றகரம்தான் இரட்டிக்கும்: நாற்று, காற்று, கீற்று. இவ்வளவு தெரிந்தாலே தோட்டத்துச் சொற்களில் நிறையப் பிழை குறையும்.

விதை முளைக்கவில்லை என்று குழுவில் எழுதினேன். ள வர வேண்டிய இடத்தில் ல விழுந்துவிட்டது. மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பதிவை நீக்கிவிட்டேன். அதன் பிறகு எழுதவே கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, சேலம்

கூச்சப்பட வேண்டியது சிரித்தவர்கள். ஒரு விசை தள்ளி விழுந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. அந்தச் சொல்லில் ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதுதான் எங்களுக்கு வருத்தம். எந்த விதை, எவ்வளவு ஆழத்தில் ஊன்றினீர்கள், எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதி மறுபடி கேளுங்கள். விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுவான கணக்கு. கீரை விதையை அதைவிட ஆழமாகப் போட்டால் மேலே வராது. ‘முளைப்பு’ என்று எழுதத் தயக்கமாக இருந்தால் ‘விதை எழும்பவில்லை’ என்றும் எழுதலாம், எல்லாருக்கும் புரியும்.

நிர்வாகிகளுக்கு: இப்படி ஒரு பதிவு வந்தால் சிரிப்பு தொடங்குவதற்குள் முதல் பதிலை நீங்கள் போட்டுவிடுங்கள். ‘எந்த விதை அக்கா? எத்தனை நாள் ஆச்சு?’ என்று நேராகக் கேள்விக்குள் போங்கள். பேச்சு விதையின் பக்கம் திரும்பிவிட்டால் பிழையைத் தேடுவார் இல்லை. எழுதியவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினால் அவரே திருத்திவிடுவார். அதையும் மீறி ஒருவர் கேலி செய்தால் அவர் பதிவை நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் உறுப்பினர் பதிவை எல்லாருக்கும் நீக்கும் உரிமை நிர்வாகிக்கு உண்டு. ஒருவர் எழுதுவதை நிறுத்தினால் அவர் தோட்டத்து அனுபவமும் குழுவுக்குக் கிடைக்காமல் போகிறது.

‘பப்பாசி’ என்று எழுதினால் ‘பப்பாளி’ என்று திருத்துகிறார்கள். ‘ரின்’ என்று எழுதினால் ‘டின்’ என்கிறார்கள். நான் எழுதுவது பிழையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

இல்லை. பப்பாசி, போஞ்சி, கோவா, கச்சான் எல்லாம் உங்கள் ஊர்ச் சொற்கள். தமிழ்நாட்டில் அவற்றைப் பப்பாளி, பீன்ஸ், முட்டைக்கோஸ், நிலக்கடலை என்பார்கள். ஆங்கில ‘டி’ (T) ஒலிக்கு ரகர றகரம் எழுதுவது ஈழத்து மரபு, ‘ரொறன்ரோ’ என்று எழுதுவது போல. அதைத் திருத்துபவர் தன் வழக்கை மட்டுமே தமிழ் என்று நினைத்துவிடுகிறார்.

ஆனால் சொல் புரியாமல் கேட்பது வேறு, திருத்துவது வேறு. ‘போஞ்சி என்றால் எது?’ என்று கேட்டால் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒருவரின் கொத்தவரங்காய் இன்னொருவருக்குச் சீனி அவரைக்காய். கருணைக்கிழங்கு இன்னும் சிக்கல். சில ஊர்களில் அது பெரிய சேனை, சில ஊர்களில் சிறிய பிடிகருணை. இந்த மாதிரிப் பெயர்களுக்கு ஒரு படம் சேர்த்துவிடுவது நல்லது.

குழுவில் பழைய பதிவுகளைத் தேடினால் கிடைப்பதில்லை. சௌசௌ பற்றி நிறையப் பேர் எழுதியது நினைவிருக்கிறது, தேடினால் ஒன்றுமே வரவில்லை.
– வாசகர், திருச்சி

உங்கள் சொல்லை உற்றுப் பாருங்கள்: சௌசௌ, செளசெள. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று. கணினிக்கு வேறு. முதலதில் ஒவ்வோர் எழுத்தும் ச, அதன்மேல் ஔகாரக் குறி என இரண்டு குறியீடுகள். இரண்டாவதில் ச, ஒற்றைக் கொம்பு, ளகரம் என மூன்று. ஆக மொத்தம் சொல்லுக்கு நான்கு ஒன்றில், ஆறு மற்றொன்றில். தேடுபொறி குறியீட்டைத்தான் ஒப்பிடுகிறது, வடிவத்தை இல்லை. ஔகாரக் குறியைப் பலகையில் கண்டுபிடிக்க முடியாதவர்கள் கொம்பையும் ளகரத்தையும் தட்டிவிடுகிறார்கள். ‘பௌர்ணமி’க்கும் ‘ஔவை’க்கும் இதே கதைதான்.

ஆகவே இரண்டு வடிவிலும் தேடுங்கள். மற்றச் சொற்களுக்கும் அப்படியே: கத்தரி, கத்திரி இரண்டும் சரியான வடிவங்கள், கத்தறி பிழை, மூன்றிலும் பதிவுகள் இருக்கும். ‘கோகோபீட்’ (தென்னைநார்த் தூள்) போன்ற கடன்சொற்களுக்கு நிலைத்த எழுத்துமுறையே இல்லாததால், சேர்த்தும் பிரித்தும் பல வடிவில் தட்டிப் பாருங்கள். பிழையான பதிவுக்குப் பதில் எழுதும்போது காயின் பெயரைச் சரியான வடிவில் ஒரு முறையாவது எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு தேடுபவருக்கு உங்கள் பதில் கையில் சிக்கும், அதைத் தொட்டால் மூலக் கேள்விக்கும் போய்விடலாம்.

மின்னணுக் கருவிகள் செய்யும் குழுவில் புள்ளி விட்டுப்போகிறது. 4.7 என்பது 47 ஆகிவிடுகிறது.
– மாணவர், ஓசூர்

மின்தடைக்குப் புள்ளியையே எழுதாதீர்கள். 4.7 கிலோ ஓம் என்பதை, புள்ளியின் இடத்தில் கிலோவுக்கான ‘கே’ போட்டு, ‘4கே7’ (4k7) என்று எழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அச்சில் புள்ளி மங்கிப் போவதால்தான் அந்த முறை வந்தது. மின்தேக்கிக்கு ‘மைக்ரோ’ என்று முழுதாக எழுதுங்கள். ‘மை’, ‘மி’ என்று சுருக்கினால் மைக்ரோவும் மில்லியும் குழம்பும், வித்தியாசம் ஆயிரம் மடங்கு.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான். ஒற்று மிகும் இடம், மிகா இடம் யாருக்கும் தெரிவதில்லை. கண்டுகொள்ளாமல் விட்டால் மொழி கெடாதா?
– வாசகர், தஞ்சாவூர்

ஐயா, உங்கள் கவலை எங்களுக்கும் உண்டு. ‘கீரைக்கட்டு’ என்றால் ஒரு பொருள், ‘கீரை கட்டு’ என்றால் கட்டச் சொல்லும் ஏவல். ஒற்றுக்கு வேலை இருக்கிறது. ஆனால் ‘இலைகளை பறித்து’ என்று ஒருவர் அவசரமாக எழுதிய கேள்வியில் ஒரு ப் இல்லாததால் எந்த இலையும் பறிக்கப்படாமல் நின்றுவிடாது. அந்த இடத்தில் திருத்தினால் அவர் ஒற்றைக் கற்றுக்கொள்ள மாட்டார், கேள்வி கேட்பதைத்தான் நிறுத்துவார்.

உங்கள் புலமை பயன்படும் இடம் வேறு. ஒவ்வொரு குழுவிலும் மேலே நிலையாக நிறுத்தி வைக்கும் குறிப்புகள் இருக்கும்: மண்கலவை, பூச்சி விரட்டி, மாத வாரியாக விதைப்பு. நூற்றுக்கணக்கானோர் படிப்பதும் பகிர்வதும் அவற்றைத்தான். அவற்றில் ஒரு பிழையும் இருக்கக் கூடாது. அனுபவமுள்ள தோட்டக்காரர் ஒருவர் முதலில் அளவுகளை மட்டும் பார்க்கட்டும். அதன்பின் நீங்கள் மொழியைப் பாருங்கள். கடைசியில் எண்களை மட்டும் அவர் இன்னொரு முறை மூலத்தோடு ஒப்பிடட்டும், மொழியைச் சீர்செய்யும்போது எண் மாறிவிடுவது நடப்பதுதான். வாணி, நாவி போன்ற பிழைதிருத்திகள் முதல் வடிகட்டலுக்கு உதவும். ஊர்ப்பெயரையும் செடிப்பெயரையும் அவை பிழை என்று காட்டும், அதை நம்பி மாற்றிவிட வேண்டாம். ஐயம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை இணையத்திலேயே பார்க்கலாம். பொதுவெளியில் திருத்தும் இரண்டு மூன்று பேரையும் இந்த வேலையில் சேர்த்துக்கொண்டால் மதுரை நிர்வாகி சொன்ன சச்சரவும் தீர வழியுண்டு.

எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. வெளிமாநிலத்தில் படித்தேன். பிழையோடு கேட்டால் மதிப்பார்களா?
– வாசகி, பெங்களூரு

கேளுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாலும் குற்றமில்லை. ஆனால் அதில் வலியும் வழியும் ஒன்றாகத் தெரியும், எனவே செடிப்பெயரையும் அளவையும் மட்டும் ஆங்கிலத்திலேயே எழுதிவிடுங்கள். குரல் பதிவாக அனுப்பினாலும் சரி, கூடவே செடியின் பெயரை எழுத்தில் ஒரு சொல் போடுங்கள்.

நல்ல பதில் கிடைக்காமல் போவது பிழையால் இல்லை, விவரம் இல்லாததால். என்ன செடி, தொட்டி எத்தனை அங்குலம், நட்டு எத்தனை நாள், வெயில் எத்தனை மணி நேரம், கடைசியாக என்ன உரம் எப்போது போட்டீர்கள் என்ற ஐந்தும் இருக்கட்டும். இரண்டு படம் எடுங்கள். ஒன்று இலையின் மேல்புறம், இன்னொன்று அடிப்புறம். வெள்ளை ஈ, அசுவினி, சிலந்திப்பேன் எல்லாம் பெரும்பாலும் அடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.